ஊசி போட்ட மாட்டின் சாணமும் வீட்டு எரிவாயுக் கலனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், பெரியபட்டினம் பக்கத்துச் சிற்றூர்களில் கால்நடை ஆய்வாளராக இருந்த ஆண்டுகளிலும் ஓய்வு பெற்ற பின்னரும், சாண எரிவாயு அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் ஒரே ஐயம் பல வாய்களிலிருந்து வந்துகொண்டே இருந்தது. மாட்டுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடுப்பு என்ன ஆகும், தொட்டியிலிருந்து வெளிவரும் ஸ்லர்ரி, அதாவது செரித்த சாணக் கரைசல், என்ன ஆகும் என்பதே அது. கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். விடைகளில் வரும் நாள் கணக்குகளில் என் அனுபவக் கணக்காக இருப்பவற்றை அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.

ஊசி மருந்து மாட்டு உடம்புக்குள்ளதானே போகுது, சாணிக்கு எப்படி வரும்?

உடலுக்குள் போன மருந்து முழுவதும் அங்கேயே செலவாகிவிடுவதில்லை. மருந்தைப் பொறுத்தும் அதைக் கொடுத்த விதத்தைப் பொறுத்தும், கொடுத்த அளவில் 30 முதல் 90 விழுக்காடு வரை, மாறாத வடிவிலோ சற்று மாறிய வடிவிலோ, சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறிவிடுகிறது. பென்சிலின் பெரும்பாலும் சிறுநீர் வழியே போகிறது. ஆக்ஸிடெட்ராசைக்ளினும் என்ரோஃபிளாக்சசினும் இரு வழியிலும் போகின்றன. வாய்வழியாகக் கொடுத்த மருந்தாக இருந்தால், குடலில் உறிஞ்சப்படாமல் நின்ற பங்கு நேராகச் சாணத்தோடு வந்துவிடும். ஆகவே மாட்டின் நோய் தீர்ந்த பிறகும் மருந்தின் வேலை தொழுவத்தில் சில நாட்கள் தொடர்கிறது.

கேஸ் உண்டாகுறதுக்கும் இந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

சாணத்தை எரிவாயுவாக்குவது ஒரு தனி உயிரி அன்று. ஒன்று விட்டதை அடுத்தது எடுத்துக்கொள்ளும் ஒரு சங்கிலி. முதல் கூட்டம் நாரையும் மாவையும் கரைக்கிறது. இரண்டாவது அதைக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. மூன்றாவது அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்கிறது. கடைசிக் கூட்டம் இவற்றைக் கொண்டு மீத்தேனை உண்டாக்குகிறது. நல்ல தொட்டியிலிருந்து வரும் வாயுவில் மீத்தேன் 55 முதல் 65 விழுக்காடு இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி கரியமில வாயு.

மீத்தேனை உண்டாக்கும் கடைசிக் கூட்டம் பாக்டீரியா வகையைச் சேர்ந்ததே அன்று. ஆர்க்கியா என்னும் வேறு குலம். பென்சிலின் தாக்குகிற செல்சுவர்ப் பொருள் அவற்றிடம் கிடையாது. ஆனால் அவற்றுக்கு இரை கொடுக்கும் முதல் மூன்று கூட்டங்களும் பாக்டீரியாக்கள். சமைப்பவர் படுத்துவிட்டால் உண்பவர் பட்டினி கிடப்பதைப் போல, மருந்து நேராகத் தொடாத கூட்டமும் இரையின்றித் தளர்ந்துவிடுகிறது. மூன்றாவது கூட்டம் தடுமாறினால் புரோப்பியோனிக் போன்ற அமிலங்கள் தேங்கி, தொட்டி புளித்துப்போகிறது.

அப்படின்னா ஒரே ஒரு ஊசியில எங்க தொட்டி நின்னு போயிருமா?

போகாது. இதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும், தீனபந்து எனப்படும் வீட்டுக் கலனுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். அதாவது நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் மாடுகள் ஐந்து. தமிழ்நாட்டு வெப்பத்துக்குக் கரைசல் உள்ளே 30 நாள் தங்கும்படி கலன் கட்டப்படுகிறது என்பதால், எப்போதும் உள்ளே இருப்பது சுமார் 3,000 லிட்டர். முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்கு நீண்ட நேரம் நிற்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளினைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் போட்டால் மொத்தம் 6 கிராம். அந்த 6 கிராமும் ஒரு துளி குறையாமல் தொட்டிக்கே வந்தாலும் லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான். சிறுநீர் தரையில் வழிந்துவிடுவதையும், உடலில் மாறிப்போகும் பங்கையும் கழித்தால் அது ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும்.

ஐந்து மாடுகளுக்கும் ஒரே வாரத்தில் போட்டால் கதை வேறு. அதே கணக்கு லிட்டருக்குப் 10 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். அமெரிக்காவில் மருந்து கொடுத்த கன்றுகளின் சாணத்தைச் செரிக்கவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஏறக்குறைய இதே செறிவில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் இருந்தபோது வாயு 27 விழுக்காடு குறைந்தது. நான்கில் ஒரு பங்கு வாயு குறைவது என்பது, மூன்று வேளைச் சமையலில் இரவு வேளைக்கு விறகு தேட வேண்டிய நிலை. ஆகவே எத்தனை மாட்டுக்கு, எத்தனை நாளுக்குள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

எந்த மருந்து தொட்டியை ரொம்பக் கெடுக்கும்?

பென்சிலின், ஆம்பிசிலின், செஃப்டியோஃபர் போன்றவற்றின் மூலக்கூறில் எளிதில் உடையும் ஒரு வளையம் இருக்கிறது. சாணத்தில் உள்ள நுண்ணுயிர்களே அதை விரைவில் உடைத்துவிடும். வீட்டுக் கலன் அளவில் இவற்றைப் பற்றிப் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை. டெட்ராசைக்ளின் குடும்பம் அப்படியன்று. அது சாணத்தின் திடப்பொருளோடும், நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியிருக்கும்போது நுண்ணுயிரைத் தாக்கும் வலு குறைகிறது. அதே காரணத்தால் சீக்கிரம் சிதைவதும் இல்லை. என்ரோஃபிளாக்சசின் உடலுக்குள்ளேயே ஒரு பங்கு சிப்ரோஃபிளாக்சசினாக மாறுகிறது. நாம் மாத்திரையாக விழுங்கும் அதே சிப்ரோஃபிளாக்சசின்தான். என்ரோஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின் இரண்டும் அடிச்சேற்றில் நெடுங்காலம் தங்குபவை.

தீவனத்தில் கலக்கும் மொனென்சினைத் தனியே சொல்ல வேண்டும். இரைப்பையில் மீத்தேன் உண்டாவதைக் குறைத்துத் தீவனத்தின் பயனைக் கூட்டுவதற்காகவே அது கொடுக்கப்படுகிறது. இரைப்பையில் செய்யும் வேலையை, போதிய அளவு போய்ச் சேர்ந்தால், தொட்டியிலும் செய்யும். கலப்புத் தீவன மூட்டையின் சீட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குடற்புழு மருந்து கொடுத்த சாணி?

குடற்புழு மருந்து ஆன்டிபயாடிக் வகை அன்று. அதனால் அடுப்பு அணைந்ததை நான் பார்த்ததில்லை. ஐவர்மெக்டின் மட்டும் சாணத்தில் வாழும் வண்டுகளுக்குக் கேடு செய்யும் என்பதால், அந்தச் சாணத்தைத் திறந்த வயலில் போடுவதைக் காட்டிலும் தொட்டியில் போடுவதே மேல்.

ஊசி போட்ட மாட்டுச் சாணியை எத்தனை நாளைக்கு ஒதுக்கி வைக்கணும்?

பென்சிலின் வகையாக இருந்தால் ஊசி போடும் நாட்களும் அதன் பின் மூன்று நாட்களும். என்ரோஃபிளாக்சசினாக இருந்தால் பின் ஒரு வாரம். நீண்ட நேரம் நிற்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளினாக இருந்தால் பின் பத்து நாட்கள். இது நான் வீடுகளில் சொல்லிவரும் அனுபவக் கணக்கு. எச்சரிக்கையின் பக்கம் சற்றே சாய்ந்தது. ஐந்து மாட்டில் ஒன்றுக்கு மட்டும் ஊசி என்றால், மேலே போட்ட கணக்கின்படி வாயுவுக்காக ஒதுக்கத் தேவையில்லை; ஸ்லர்ரிக்காக ஒதுக்கினால் நல்லது, அதைப் பின்னால் சொல்கிறேன். வீட்டில் இருப்பதே இரண்டு மாடு, இரண்டுக்கும் ஊசி என்றால் கட்டாயம் ஒதுக்குங்கள். தீனி இல்லாமல் ஒரு வாரம் கிடந்தால் தொட்டி செத்துவிடாது. வாயு மட்டும் குறையும்.

புதிதாகக் கட்டி முதல்முறை நிரப்பும் தொட்டிக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. உள்ளே இன்னும் கூட்டம் கூடாத நிலையில் சிறிதளவு மருந்தும் வாயு வருவதை வாரக்கணக்கில் தள்ளிப்போடும். முதல் நிரப்புக்கு, கடந்த ஒரு மாதத்தில் மருந்து வாங்காத மாடுகளின் சாணத்தையே தேடிப் பிடியுங்கள்.

மடிநோய்க்கு டியூப் ஏத்தின பாலை வீணாத்தானே கொட்டுறோம், தொட்டியில ஊத்துனா கேஸாவது வரும்ல?

ஊற்றாதீர்கள். மடிக்குள் நேரே ஏற்றிய மருந்து, சாணத்தைக் காட்டிலும் பல மடங்கு செறிவாகப் பாலில்தான் வெளிவருகிறது. அதோடு பாலில் உள்ள சர்க்கரையும் கொழுப்பும் விரைவில் அமிலமாகி, ஏற்கெனவே மருந்தால் தளர்ந்த மூன்றாவது கூட்டத்தின் மேல் இன்னொரு சுமையாக ஏறும். கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சுவது கிருமியைக் கொல்லும், மருந்தை நம்பத்தக்க அளவுக்கு அழிக்காது. மருந்துப் பெட்டியில் எழுதியிருக்கும் நாட்கள் முடியும் வரை அந்தப் பாலை, கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் தள்ளி, குழி வெட்டி ஊற்றிச் சாம்பலும் மண்ணும் போட்டு மூடுங்கள்.

ஒரு வாரமா அடுப்பு நீலமா எரியல, போன வாரம் ஊசி போட்டோம். மருந்துதான் காரணமா?

இருக்கலாம், ஆனால் நம் கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது மருந்தை அன்று, உப்பை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10.8 கிராம் சோடியம் இருக்கிறது. கரைசலில் சோடியம் லிட்டருக்கு 3.5 கிராமைத் தாண்டினால் மீத்தேன் ஆக்கும் கூட்டம் தளரத் தொடங்குகிறது. 8 கிராமை எட்டினால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மணலில் தோண்டிய ஊற்றின் நல்ல நீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, சாணம் கரைக்க உவர்நீரை எடுப்பது இயல்பு. சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்க இறங்க அதே கிணற்று நீரின் உவர்ப்பு ஏறும். ஆள் மாறவில்லை, கிணறு மாறவில்லை, அடுப்பு மட்டும் மாறிவிட்டது என்று சொல்பவர்களின் நீரை நாவில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உவர்நீர் இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட்டு உண்டு. அதை உண்ணும் பாக்டீரியாக்கள், மீத்தேனுக்குப் போக வேண்டிய ஹைட்ரஜனையும் அசெட்டிக் அமிலத்தையும் பறித்துக்கொண்டு, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. வாயு குறைந்து, நாற்றம் கூடி, பர்னர் அரித்திருந்தால் நீரைத்தான் மாற்ற வேண்டும். அரிசி கழுவிய நீர், சோப்புக் கலக்காத பாத்திரம் அலசிய நீர், தேக்கி வைத்த மழைநீர் எதுவும் ஆகும்.

அடுத்தது பினாயிலும் பிளீச்சிங் பவுடரும். மாட்டுக்கு நோய் வந்த வாரத்தில்தான் தொழுவத்தையும் கூடுதலாகக் கழுவுவோம். கழுவிய நீர் வாய்க்கால் வழியாகத் தொட்டியின் வாய்க்கே போகும்படி பல வீடுகளில் கட்டியிருக்கிறார்கள். ஊசியின் மேல் விழும் பழியில் ஒரு பகுதி இந்த நீருக்கு உரியது. இவை இரண்டும் இல்லை, குழாயிலும் கசிவு இல்லை, தீனியும் அளவோடுதான் போகிறது, ஊசி போட்டதும் பாதிக்கு மேற்பட்ட மாடுகளுக்கு என்றால், அப்போது மருந்தைச் சந்தேகிப்பது நியாயம்.

தொட்டி புளிச்சுப் போச்சு. காலி பண்ணிட்டுத் திரும்ப நிரப்பணுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. வெளிவரும் கரைசலில், புளிப்பைக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள், 6.8-க்கும் 7.4-க்கும் இடையில் இருந்தால் நலம், 6.5-க்குக் கீழே போனால் புளித்துவிட்டது. தீனியை ஐந்தாறு நாள் முற்றிலும் நிறுத்திவிட்டு, நன்றாக எரியும் வேறொரு வீட்டுத் தொட்டியின் ஸ்லர்ரியைப் பத்து வாளி போலக் கொண்டுவந்து ஊற்றி, பின்பு வழக்கத்தில் கால் பங்கு தீனியோடு தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். சுண்ணாம்புத் தெளிநீர் சேர்ப்பதாக இருந்தால் சிறிது சிறிதாக, பி.எச். பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

எந்த நிலையிலும் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

கோழிப்பண்ணைக் குப்பை சும்மா கிடைக்குது, இறால் குட்டைச் சேறும் கிடைக்குது. போடலாமா?

கோழிக்குப்பையை வாங்குவதற்கு முன் அந்தத் தொகுதிக் கோழிகளுக்குத் தண்ணீரில் என்ன மருந்து போயிற்று, தீவனத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒன்றாக மருந்து போகும்போது, மேலே ஐந்தில் ஒரு மாடு என்று போட்ட கணக்கு உடைந்துவிடுகிறது. ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கொடுக்கும் மொனென்சினும் சலினோமைசினும் அதில் இருக்கக்கூடும். மருந்து இல்லாவிட்டாலும் கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. அது அம்மோனியாவாகி, அளவு மீறினால் தொட்டியைத் தானே நிறுத்திவிடும். பத்துப் பங்கு சாணத்துக்கு ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம்.

இறால் குட்டைச் சேறு வேண்டவே வேண்டாம். குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான் உள்ளிட்ட மருந்துகளை இறால் வளர்ப்பில் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது. எனினும் மருந்துக்கு முன்பே அந்தச் சேற்றின் உப்பு உங்கள் தொட்டியைக் கெடுத்துவிடும்.

தொட்டிக்குள்ள ஒரு மாசம் கிடந்தா மருந்தும் சேர்ந்து செரிச்சிரும்ல?

இதுதான் நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி. ஆம் என்று சொல்ல முடியாத கேள்வியும் இதுதான். பென்சிலின் வகை ஏறக்குறைய முழுவதும் போய்விடும். முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் 64 நாட்களில் 59 விழுக்காடுதான் சிதைந்தது. நம் கலனில் கரைசல் தங்குவதோ 30 நாள். என்ரோஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின் வகை, சேற்றோடு ஒட்டியபடியே வெளியே வரும். எரிகிற வாயுவில் இவை எதுவும் ஏறாது. சமையலுக்கு அச்சம் வேண்டாம். போகும் இடம் ஸ்லர்ரிதான்.

ரெண்டு மூணு தடவை மருந்துச் சாணி போட்டா தொட்டி பழகிக்கும்னு சொல்றாங்களே, நல்லதுதானே?

பழகிக்கொள்வது உண்மை, அது நல்லதா என்பதில் எனக்கு ஆழ்ந்த கவலை இருக்கிறது. குறைந்த அளவு மருந்தைத் தொடர்ந்து காணும் தொட்டியில், மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் எஞ்சிப் பெருகுகின்றன. அதனால் வாயு மீண்டும் பழைய அளவுக்கு வருகிறது. தாங்கும் திறனைத் தரும் மரபணுக்களை அவை வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றித் தரக்கூடியவை. மருந்து சிதைந்த பிறகும் அந்த மரபணு நிற்கிறது. நம் கலன்கள் இயங்கும் 30 முதல் 35 பாகை வெப்பத்தில் அவை ஓரளவே குறைகின்றன. சில வகைகள் குறைவதே இல்லை. 55 பாகையில் இயங்கும் பெரிய ஆலைகளில் நிலைமை மேல். வீட்டுக் குழியில் அந்த வெப்பம் வராது. அடுப்பு நன்றாக எரிகிறது என்பதைக் கொண்டு ஸ்லர்ரியும் தூயது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அப்ப அந்த ஸ்லர்ரியை மிளகாய்க்கு விடலாமா?

விடலாம், ஆனால் தொட்டியிலிருந்து நேராக வேண்டாம். பனையோலை, வைக்கோல், சருகு ஆகியவற்றோடு அடுக்கி மட்கவிட்டு, குவியலின் உள்ளே கை வைக்க முடியாத அளவு, அதாவது 55 பாகைக்கு மேல், சூடேறும்படி பார்த்து, இரண்டு வாரத்தில் நான்கைந்து முறை புரட்டிவிடுங்கள். டெட்ராசைக்ளின் இந்தச் சூட்டில் தொட்டியைக் காட்டிலும் வேகமாகச் சிதைகிறது. கிருமிகளும் பெரும்பகுதி மடிகின்றன. ஒதுக்கி வைத்த சாணத்துக்கும் இதுவே வழி. முண்டு மிளகாய்க்கு அடியுரமாக, நாற்று நடுவதற்கு முன்பே இட்டுவிடுவது நல்லது. பச்சையாக உண்ணும் கீரைக்கும் வெள்ளரிக்கும் மருந்து கலந்த ஸ்லர்ரியை விடவே வேண்டாம்.

நம் மண்ணையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மணற்பாங்கான தரையில் நாலைந்து முழம் தோண்டினால் ஊற்று. அதே ஊற்றைத்தான் குடிக்கிறோம். கார்த்திகை மழையில் வழிந்தோடுவது சில நாழிகையில் பாக் நீரிணையிலோ மன்னார் வளைகுடாவிலோ சேர்ந்துவிடும். ஆகவே ஸ்லர்ரிக் குழியைத் தாழ்ந்த இடத்திலும் ஊற்றின் அருகிலும் வெட்டாதீர்கள். மழைக்கு முன் குழியைக் காலி செய்துவிடுங்கள்.

இவ்வளவு தொல்லைன்னா மருந்தே போடாம விட்டுரலாமே?

நோயுற்ற மாட்டுக்கு மருந்தை மறுப்பது அதற்குச் செய்யும் கொடுமை. அதே நேரம், தேவையற்ற ஊசிகள் பல போடப்படுகின்றன. கோமாரியும் தோல் கழலை நோயும் வைரசால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றைத் தீர்க்காது, புண்ணில் சேரும் பிற கிருமிக்கு மட்டும், மருத்துவர் தேவை என்று கண்டால் கொடுப்பது. கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொடுப்பதை 2019-இல் இந்திய அரசே தடை செய்துவிட்டது. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கித் தாமே ஊசி போடுவதும், இரண்டு நாளில் மாடு தேறியதும் பாதியில் நிறுத்துவதும், முன்னே சொன்ன தாங்கும் பாக்டீரியாக்களை மாட்டின் உடலிலேயே வளர்க்கும் வழிகள்.

மடிநோயின் தொடக்க நிலையில், கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முழுவதும் கறந்த மடியில் நாளுக்குப் பலமுறை, ஐந்து நாள் பூசலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவத்தில் பயிற்றுவிக்கப்படும் முறை இது. நம் வேலியோரத்தில் கற்றாழைக்குப் பஞ்சமில்லை. காய்ச்சலும் பாலில் ரத்தமும் கண்டால் பூச்சோடு நிற்காமல் மருத்துவரை அழையுங்கள்.

பக்கத்து வீட்டுச் சாணியையும் சேர்த்துத்தான் போடுறோம். அவங்க என்ன ஊசி போட்டாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

பார்த்தோ முகர்ந்தோ அறிய வழியில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி போட்டதும் காலிக் குப்பியை எறிந்துவிடாமல் தொழுவச் சுவரில் ஓர் ஆணியில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். அதன் அருகே கரித்துண்டால் தேதியையும், எந்த மாட்டுக்கு என்பதையும் எழுதினால் போதும். பெரியபட்டினத்தில் ஒரு வீட்டு அம்மா இப்படித்தான் எழுதி வைத்திருந்தார். சாணி எடுக்க வந்த பிள்ளைகள், சுவரைப் பார்த்துவிட்டு எந்தக் கூடையை ஒதுக்குவது என்று தாமே முடிவு செய்தார்கள்.